மால்ட் வாசனை இல்லாத மூச்சு

திருவள்ளூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. இரண்டாயிரத்துகளின் நடுவில், ஜெர்மனியில் காய்ச்சும் லாகர் என்ற வெளிர் பீரை இங்கேயே காய்ச்சுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அங்கிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு மாதம் தங்கினார். சுவை பார்க்க ஆறு பேரைப் பொறுக்கினார்கள். நானும் ஒருவன்.

அதுவரை நான் பீரை ரசித்தவன் இல்லை. பல் கூசும் குளிரில், கசப்பு தெரிவதற்குள் விழுங்கிவிட வேண்டிய ஒன்று அது என்றே நினைத்திருந்தேன். நுரை வந்தால் நஷ்டம் என்று டம்ளரைச் சாய்த்து ஊற்றுவோம். அந்த நிபுணர் டம்ளரை நிமிர்த்தி வைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்பும்படி ஊற்றினார். ஐஸ் குளிர் கொஞ்சம் விடும்வரை தொடவிடவில்லை. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். குட்டியாக இரண்டு முறை முகர வேண்டும். ஒரு வாய் எடுத்து, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும்.

அப்படிக் குடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் அப்போதுதான் பிய்த்த பன்னின் உள்பக்கத்து வாசனை. நாக்கில் மெல்லிய இனிப்பு. அது போவதற்குள் கீரைத்தண்டைக் கடித்தது போல ஒரு பச்சைக் கசப்பு வரும், தங்காமல் போய்விடும். எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. வெறும் சோறு போலத்தான். பிரியாணியில் அடிப்பிடித்ததை மசாலா போட்டு மறைக்கலாம். வெறும் சோற்றில் மறைக்க முடியாது.

முதல் வாரம் நாங்கள் ஆறு பேரும் ஒரே டம்ளருக்கு முழு மதிப்பெண் போட்டோம். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார்.

"சார், நெய் வாசனை கமகமன்னு வருது சார்," என்றார் பாய்லர் பிரிவில் இருந்து வந்தவர். "எங்க ஊட்ல பொங்கலுக்குக்கூட இவ்ளோ ஊத்த மாட்டாங்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நிபுணர் தலையில் கை வைத்துக்கொண்டார். நொதித்து முடிந்தபின் போதிய நாள் ஆறவிடாத பீரில்தான் அந்த வெண்ணெய் வாசனை வருமாம். பெரிய பிழையாம். அதன்பின் நல்ல பீரில் துளித்துளியாகப் பிழைகளைக் கலந்து எங்களைப் பழக்கினார்: வெண்ணெய், வெந்த சோளம், பச்சை ஆப்பிள், நகப்பூச்சு அழிக்கும் திரவம். எந்தப் பிழை இருந்தாலும் அதன் அடியில் மால்ட் வாசனை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் வாசனை, இருக்கும் என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். இன்றும் அந்த நகப்பூச்சுத் துளி விட்ட டம்ளர் வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பும்போது நிபுணர் தன் ஊர் பீர் ஒரு பாட்டில் கொடுத்தார். வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் அதை வைத்தேன்.

என் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. சில வாரங்களாக இளைத்துக்கொண்டே வந்தான். தண்ணீராகக் குடித்தான். வெயில், பரீட்சை பயம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டியூஷனில் இருந்து தள்ளாடிக்கொண்டு வந்தவன், வீட்டு வாசல் கேட் அருகே வாந்தி எடுத்தான். தூக்கக் குனிந்தேன். அவன் மூச்சில் நகப்பூச்சு வாசனை அடித்தது.

"எங்கடா குடிச்ச?"

"இல்லப்பா..."

"பொய் சொல்லாத. ஆரு ஊத்திக் குடுத்தா?"

தெருவிலேயே அறைந்தேன். எதிர்வீட்டு அம்மா மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னா வேலைக்குப் போறீங்களோ, அதான் ஊட்டுக்குள்ள வந்துக்கினு இருக்குது," என்று என் மனைவி அழுதாள்.

"தூங்கட்டும், தெளியும்," என்றேன். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். பாட்டில் மூடி கழலாமல் இருந்தது. அப்படியானால் வெளியே வாங்கிக் குடித்திருக்கிறான் என்று இன்னும் கோபம் வந்தது. இரண்டு மணி நேரம் அவன் அறைப்பக்கம் போகவில்லை.

"எப்படி மூச்சு வாங்கறான், வந்து பாருங்க," என்று மனைவி கூப்பிட்டபோதுதான் போனேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. குனிந்து, ஆலையில் செய்வது போலக் குட்டியாக இரண்டு முறை முகர்ந்தேன். அதே நகப்பூச்சு. அதன் அடியில் மால்ட் இல்லை. கசப்பு இல்லை. சாராயத்தின் காட்டமும் இல்லை. இவன் எதையும் குடிக்கவில்லை.

ஆட்டோவில் திருவள்ளூருக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா மூச்சை முகர்ந்ததுமே விரலில் ஊசி குத்திப் பார்த்தார். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போனால் மூச்சில் இந்த வாசனை வருமாம்.

"படுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரம் இருக்கும்," என்றேன்.

"ரெண்டு மணி நேரம், டாக்டர்," என்றாள் மனைவி. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. என்னைக் கண்டதும், "நான் குடிக்கலப்பா," என்றான். ஊசி போட வந்த நர்ஸிடமும் அதையே சொன்னான். இனி வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கியபோது, அது அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

"எதிர் ஊட்டு அத்தை பாத்தாங்க. நீ போய்ச் சொல்லிட்டு வா."

நான் தெருவைக் கடந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பையன் குடிக்கவில்லை, அது நோய், தெரியாமல் அடித்துவிட்டேன் என்றேன். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்தார். மற்ற வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

அவன் இறங்கினான். கை நீட்டினேன். அதைப் பிடிக்காமல், ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தானே நின்றான்.