நீடாமங்கலம் ரயில்வே கேட்டும் தியாவின் வயிற்றுவலியும்

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். என் மகள் தியாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் பூநாரைப் படத்துக்கு வண்ணம் தீட்டியதிலிருந்து, உயிரோடு ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். பிப்ரவரிக்குப் பிறகு பறவைகள் கிளம்பிவிடும் என்றார்கள். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அதனால் நானும் அவளும் மட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் கோடியக்கரையைப் பார்க்கவில்லை. பறவைப் படங்களுக்காக இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். சின்னப் பிள்ளையோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் தஞ்சாவூர். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு அறை, சுத்தமாகவே இருந்தது. மாலை நாலு மணிக்கு மேல் பெரிய கோயில் போங்கள், கல் தரையின் சூடு தணிந்திருக்கும். விமானத்தை அண்ணாந்து பார்த்த தியா, "அம்மா, மை மைண்ட் இஸ் ப்ளோன்!" என்று கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரி முதல் வருடம் முழுக்க வாயைத் திறக்கவே பயந்தேன். அந்தப் பயம் இவளுக்கு வரக்கூடாது என்று வீட்டில் இவளோடு ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. சந்தோஷம் என்றால் எங்கள் வீட்டில் "ஓவர் தி மூன்". யாராவது ஒரு பூ கொடுத்தால்கூட "மை ஹார்ட் இஸ் ஸோ ஃபுல்". இந்த வலைப்பூவின் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்கு என் பாஷை தெரியும். அவளுக்கும் அதுவே வந்துவிட்டது. பென்சில் முனை உடைந்தால் "திஸ் இஸ் கில்லிங் மீ" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

அன்று இரவு மெஸ்ஸில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "மை டம்மி இஸ் கோயிங் டு பர்ஸ்ட்" என்றாள். வயிறு நிறைந்தால் வழக்கமாகச் சொல்வதுதான். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். பதினைந்து பேர் இதயம் போட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கார் வந்தது. கோடியக்கரை போய்வர நாலாயிரத்து ஐந்நூறு, ஓட்டுநர் பேட்டா தனி. போக மட்டும் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஓட்டுநர் முருகானந்தத்துக்கு நாற்பது வயது இருக்கும், பேச்சுக்குப் பஞ்சமில்லை. தியா அரை இட்லியோடு எழுந்துவிட்டிருந்தாள். ராத்திரி சாப்பிட்டதே இன்னும் நிற்கிறது போல என்று விட்டுவிட்டேன். வழியெல்லாம் சம்பா அறுவடை. மெஷின் ஒரு பக்கம் ஓட, அதன் பின்னாலேயே கொக்குகள் வரிசையாக நடந்தன. நான் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். முன்னாலும் பின்னாலும் பஸ், லாரி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். முருகானந்தம் இன்ஜினை அணைத்தார்.

"போட்டான் பாருங்க. இனிமே இன்ஜின மாத்தி, பெட்டியக் கோத்து, எப்ப தொறப்பானோ. இந்த கேட்டுல நின்னே முகூர்த்தத்த விட்ட மாப்ளைல்லாம் இருக்காங்க மேடம்."

நான் சிரித்தேன். தியா என் மடியில் முழங்காலை மடக்கிச் சுருண்டாள். "அம்மா, இட்ஸ் கில்லிங் மீ."

"டோன்ட் பி டிராமாட்டிக், பேபி."

"இட்ஸ் ரியலி ரியலி கில்லிங் மீ. எ மில்லியன் டைம்ஸ்."

ஜன்னலோரம் அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இந்தப் புள்ளைக்கு வலிகூட இங்கிலீசுலதான் வருமா?"

பக்கத்து பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, கண்ணாடியை ஏற்றப்போனேன். முருகானந்தம் திரும்பி தியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், பாப்பா மொகம் வெளுத்துக் கெடக்கு. விளையாட்டு மாதிரி தெரியல."

அடுத்த நிமிடம் என் புடவை முழுக்க வாந்தி எடுத்தாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. உதடு காய்ந்திருந்தது. இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

கிழங்கு அம்மாள் தன் பாட்டில் தண்ணீரை எடுத்து அவள் வாயைத் துடைத்தார். "கடத்தெருவுல லேடி டாக்டர் இருக்காங்க, மெடிக்கல் கடைக்கு மாடியில. வண்டி எங்கடி திரும்பும் இங்க? தூக்கிட்டு ஓடு."

முருகானந்தம் சாவியைப் பின்னால் நின்ற லாரிக்காரரிடம் கொடுத்தார். "கேட்ட தொறந்தா இத கொஞ்சம் ஓரங்கட்டிடுங்கண்ணே." தியாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் முனகினாள்.

டாக்டர் என் வயதுக்காரர். படுக்கவைத்து, "சொல்லும்மா, எப்படி வலிக்குது? குத்துதா? முறுக்குதா? எரியுதா?" என்று கேட்டார்.

தியா என்னைப் பார்த்தாள். "இட்ஸ் கில்லிங் மீ."

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், எங்கே என்று. "எவ்ரிவேர்." வயிற்றில் எங்கே தொட்டாலும் வீறிட்டாள். கையைத் தொட்டாலும் வீறிட்டாள்.

"தொட்ட எடமெல்லாம் ஒரே மாதிரி சொல்றாளேங்க," என்றார் டாக்டர். "உண்மையா வலிச்சா வீட்டுல எப்படிச் சொல்லுவா?"

பென்சில் முனைக்கும் இதுக்கும் அவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. அதை நான்தான் கொடுத்திருந்தேன். குழந்தை எதிரே கிடக்கிறாள், அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டு வாங்க முடியவில்லை.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணுக்கு முன்னால் முறுக்கினேன். "இதுக்குப் பேரு முறுக்கறது. இப்படி இருக்கா?" சேஃப்டி பின்னின் மழுங்கிய பக்கத்தால் என் உள்ளங்கையைக் குத்திக் காட்டினேன். "இது குத்தறது. இப்படியா?" "இது உப்பறது," என்று கன்னத்தை உப்பிக் காட்டினேன். வீட்டில் ஒருநாளும் அவளிடம் இப்படித் தமிழில் பேசியதில்லை. அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கைக்குட்டையை வாங்கி மெதுவாக முறுக்கி, தொப்புள்மேல் வைத்தாள். "எஸ்டர்டே." பிறகு பின்னை வாங்கி வலது பக்கம், கீழே, ஓர் இடத்தில் வைத்தாள். "நவ்."

டாக்டர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி, சட்டென எடுத்தார். தியா கத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு என் கையை இறுக்கினாள்.

"குடல்வால் மாதிரி இருக்குங்க. இங்க ஸ்கேன் இல்ல. தஞ்சாவூருக்கு நேரா போங்க, எங்கயும் நிக்காதீங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அதற்குள் கேட் திறந்திருந்தது, லாரிக்காரர் காரை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். திரும்பிய அந்த முப்பது கிலோமீட்டரில் வயல் எது, வாய்க்கால் எது என்று எனக்குத் தெரியாது. முருகானந்தம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். இன்னும் தள்ளிப்போயிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று சொன்ன சர்ஜனுக்கு, முந்தின நாள் இரவு நான் போட்ட ஸ்டேட்டஸ் தெரியாது. கணவர் போனில், "ஆர் யூ ஓகே?" என்றார். "பயமா இருக்குங்க. கெளம்பி வாங்க," என்றேன். கல்யாணமான எட்டு வருடத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் வேறெதுவும் கேட்காமல் கிளம்பினார்.

தியா நன்றாக இருக்கிறாள். தையல் பிரித்தாயிற்று.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நீடாமங்கலம் கேட்டுக்காகக் கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சரியில்லை என்றாலும் தஞ்சாவூரிலேயே காட்டிவிடுங்கள், தெற்கே போகப் போக ஸ்கேன் வசதி தூரமாகிக்கொண்டே போகும். வாடகை வண்டி என்றால் உள்ளூர் ஓட்டுநராகப் பாருங்கள். முருகானந்தம் அன்று கோடியக்கரை வாடகையை வாங்க மறுத்துவிட்டார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன். இன்னொன்று: கிளம்புமுன், உங்கள் பிள்ளைக்கு வலியைச் சொல்லத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் சரி. குத்துகிறதா, இழுக்கிறதா, எங்கே, எப்போதிலிருந்து. இவ்வளவு போதும்.

நேற்றுச் சாயங்காலம் சமையலறைக்கு வந்து, "அம்மா, ஐ'ம் டையிங் ஆஃப் ஹங்கர்," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "எவ்வளவு பசிக்குது?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம்," என்றாள். "ஒரு தோசை."