மேஜர் ஒளித்துவைத்த நாவல்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவே மேஜர் என்றுதான் கூப்பிடும். அவர் மேஜரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படையில் சமையல்காரராக இருந்தவர். மீசையைப் பார்த்து எவனோ வைத்த பெயர். அவரும் ஒரு நாள்கூட மறுத்ததில்லை. விடிவதற்குள் விசில் ஊதி வீட்டை எழுப்புவார். பஸ் கண்டக்டருக்குக்கூட சல்யூட் அடிப்பார். படையை விட்டு வந்த பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நோயாளிகளுக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டு ஓய்வு பெறும்வரை திட்டு வாங்கினார். வீட்டில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடித்தவரில்லை.

வாழ்க்கையில் அவர் சேர்த்த சொத்து ஒரே ஒரு ராத்திரிதான். மலைமேல் சின்னக் காவல் முகாம், நாற்பது பேர். ராத்திரியில் எதிரி குண்டு போட ஆரம்பித்தான். விடியும்போது உயிரோடு மிஞ்சியது ஒன்பது பேர், அதில் இவரும் ஒருவர். இந்தக் கதையைக் கேட்டு மயங்கித்தான் எங்கப்பா அக்காவைக் கட்டிக்கொடுத்தார். கதையில் எந்த இடத்தில் இருமுவார், எந்த இடத்தில் மீசையைத் தடவுவார் என்பதுவரை எனக்கு அத்துப்படி. அவர்கள் வீட்டு முன்னறையில்தான் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காது கேட்காமல் இருக்க முடியுமா?

வினை மாடியில் குடிவந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், எழுத்துப் பைத்தியம் வேறு. இரண்டு வருஷம் மேஜரோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்தப் பழைய போரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அறுநூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதிவிட்டார். அச்சாகி வந்த முதல் பிரதியைக் கொண்டுவந்து மேஜர் கையில் கொடுத்தார். மருந்துச் சீட்டைத் தவிர எதையும் முழுதாகப் படிக்காத மனுஷன், மூன்று நாள் விடாமல் படித்தார். படித்து முடித்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

உங்களை இழுத்தடிப்பானேன், விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கே பின்னால் தெரிந்ததுதான். அந்த ராத்திரி முதல் குண்டு விழுந்ததும் மேஜர் ஓடிவிட்டார். பாறை இடுக்கில் பதுங்கியிருந்துவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் திரும்பி வந்து அடுப்பை மூட்டியிருக்கிறார். அவர் ஓடியதைப் பார்த்தவன் எவனும் மிஞ்சவில்லை. அதை மொட்டைமாடியில் என்றைக்கோ வாய்தவறிச் சொல்லப்போக, இன்சூரன்ஸ்காரர் நாவலில் ஒரு அரைப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். பெயரில்லாத ஒரு சமையல்காரன் ஓடுகிறான், விடிந்ததும் வருகிறான், மிஞ்சியவர்களுக்கு டீ போடுகிறான். அவ்வளவுதான். ஆனால் அதை அக்கா படித்துவிட்டால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவருடைய கவலையெல்லாம் அதுதான்.

அன்றிலிருந்து அந்த நாவலுக்கு அவரைப்போல ஒரு சத்துரு கிடையாது. நூலகத்துக்குப் போய், இருந்த மூன்று பிரதிகளையும் வேறு வேறு ஆள் கார்டில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "தூக்கம் வரலைன்னா படிங்க. முதல் நூறு பக்கம் வெறும் மேப்பு" என்றார். அப்படியும் ஆசைப்பட்டவர்களிடம், "கடைசில கேப்டன் செத்துடறான்" என்று முடிவைப் போட்டு உடைத்தார்.

வீட்டுப் பிரதியை வாஷிங் மெஷினில் அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தார் பாருங்கள், அதுதான் உச்சம். அக்கா வழக்கம்போல சோப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். அறுநூறு பக்கமும் கூழாகி, சட்டை, பனியன், போர்வை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. கொடியில் காய்ந்த அவருடைய பனியன் முதுகில் 'தாக்குங்கள்' என்று ஒரு துண்டு வரி. நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர் பயந்துபோய்விட்டார்.

"புஸ்தகம் எப்படிங்க மெஷினுக்குள்ள போச்சு?" என்றாள் அக்கா.

"எனக்கென்ன தெரியும்? உன் தங்கச்சியக் கேளு" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அதுவரை அக்காவுக்கு அந்த நாவல்மேல் ஒரு அக்கறையும் இல்லை. இப்போது விடுவாளா? மாடிக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கிவந்தாள். அவள் தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கிறவள், தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அதனால் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் சத்தமாகப் படிக்க, அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். மேஜர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். மலை ராத்திரி வந்த அன்றைக்குக் கக்கூஸுக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. வயிற்றுக்கு ஆகவில்லையோ என்று அக்கா இரண்டு தடவை கதவைத் தட்டினாள்.

நான் படித்தேன். சமையல்காரன் ஓடினான், வந்தான், டீ போட்டான். அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அது கெடக்கட்டும், அந்த நர்ஸு கேப்டனுக்கு லெட்டர் போட்டாளா இல்லையா? அதச் சொல்லு" என்றாள். எனக்கும் அதே அவசரம். இரண்டு பேருமே அந்தச் சமையல்காரனைக் கவனிக்கவில்லை.

நாங்கள் மட்டுமில்லை. இன்சூரன்ஸ்காரர் அலுவலகத்தில் இருப்பவர்கள் தலையிலெல்லாம் பிரதிகளைக் கட்டியதில், எப்படியோ தெருவுக்குள்ளும் நாவல் பரவிவிட்டது. ஆளுக்கொரு கருத்து. காதல் போதாது என்றார் மருந்துக்கடைக்காரர். சிப்பாய்கள் இவ்வளவு கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள் என்று தலைமையாசிரியை அம்மா குறைப்பட்டுக்கொண்டார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் மூன்று இடத்தில் அழுததாகச் சொன்னாள். எந்த மூன்று என்று கேட்டால், மூன்றும் குதிரை சாகிற இடம். லாரிக்காரர், "அந்த வளைவுல அந்த வண்டி திரும்பவே திரும்பாது, எழுதினவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியுமா?" என்று ஒரே சண்டை.

ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் மேஜர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒருவரும் சமையல்காரனைச் சொல்லவில்லை. பத்து நாளில் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை, மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நடுவுல சமையல் கிமையல்னு ஏதாச்சும் வருதா?" என்று மருந்துக்கடையில் தூண்டில் போட்டார்.

"போர்க் கதைல சமையல் எதுக்கு மேஜர்?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து தட்டை நங்கென்று வைத்தார். "குதிரைக்கு அழுவானுங்களாம்! குதிரைக்கு!"

நூலகத்து மாடியில் விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். மேஜர் முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால் ஃபேனுக்கு அடியில். தலைமையாசிரியை கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டிக் கண்டித்தார், கூட்டம் நன்றாக ரசித்தது. லாரிக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வளைவை விளக்கினார். குதிரைக்காக இன்னொரு தடவை அழுதாள் அந்தப் பெண். இன்சூரன்ஸ்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேஜர் எழுந்தார்.

"எல்லாம் சரி. அந்தச் சமையல்காரனப் பத்தி ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?"

"எந்தச் சமையல்காரன்?" என்றார் லாரிக்காரர். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

"ஓடிப்போனானே, அவன். கூட இருந்தவங்கள விட்டுட்டு ஓடினான். அவன் நான்தான்."

நான் அக்காவைப் பார்க்கப் பயந்து ஃபேனைப் பார்த்தேன். மேஜர் அதற்குமேல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, இன்சூரன்ஸ்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஓடினது சரியா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா காலைல திரும்பி வந்து ஒம்பது பேருக்கு டீ போட்டான்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. நான் நாப்பது பேருக்கும்தான் போட்டேன்."

"அடுத்த பதிப்புல மாத்திடறேன் சார்" என்றார் அவர்.

அப்போது என் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. வீட்டில் கணக்குக் கேட்கிற அதே குரல்.

"மீதி டீய என்ன பண்ணீங்க? கீழ ஊத்திட்டீங்களா?"

மேஜர் திரும்பினார். அந்த மீசை அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

"இல்ல. எவன் டம்ளர் எதுன்னு எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் ஊத்தி, அவனவன் கெடந்த எடத்துல பக்கத்துல வெச்சேன்."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது, சொல்ல வெட்கமில்லை. அக்கா அழவில்லை. எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்று மருந்துக்கடைக்காரரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் நின்றுகொண்டிருந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார். கூட்டம் முடிகிறவரை அவள் சட்டையை விடவில்லை.