குலாம் ரசூல் வைத்துத் தைத்த நாடா

ராயப்பேட்டை ஹை ரோட்டில் குலாம் ரசூலின் தையல் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பட்டாளத்து ஆட்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஜமேதார் முதல் கர்னல் வரை பலருடைய உடுப்பும் அந்த ஒற்றை மிஷினில்தான் தைக்கப்பட்டது. பாய் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவர். ஆனால் இந்த தேசத்து ராணுவத்தில் யார் மேலே, யார் கீழே என்று எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் துணியைப் பார்த்தே வந்த படிப்பு.

உச்சியில் ஜங்கி லாட், அதாவது பிரதம சேனாதிபதி. கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் டில்லி. ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்ததும் தேசத்தை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலாக வகுந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெனரலை வைத்தார்கள். தெற்கு ஜெனரல் இருப்பது பூனாவில். நம் மதராஸ் அவருக்குக் கீழே ஒரு ஜில்லா. ஜெனரல்களுக்குக் காலரில் சிவப்புப் பட்டை. அங்கிருந்து படிப்படியாக இறங்கினால் கடைசியில் செகண்ட் லெப்டினென்ட், தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். இவர்களெல்லாம் ராஜாவின் உத்தரவு பெற்ற வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கும் கீழே, வைஸ்ராயின் உத்தரவோடு, நம் ஆட்களான சுபேதாரும் ஜமேதாரும். ஜமேதாருக்கும் ஒரே நட்சத்திரம்தான். ஆனால் அதற்கடியில் சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சின்ன நாடா வைத்துத் தைக்க வேண்டும். அந்த நாடா இருந்துவிட்டால், இருபத்தைந்து வருஷம் துப்பாக்கி தூக்கினவரும் நேற்றுக் கப்பலில் வந்திறங்கின பொடியனுக்கு சலாம் வைத்தாக வேண்டும்.

நான் ராஜகோபாலன். வீடு மயிலாப்பூரில், உத்தியோகம் கோட்டையில், ராணுவ ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் டிராமை விட்டிறங்கி, பாய் கடை முக்காலியில் அரை மணி உட்காருவேன். அவருக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. யாரும் கேட்டு நான் ஏற்றுக்கொண்டதல்ல. எனக்கு அதில் ஒரு பெருமை. அந்தக் கடையில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஆசாரம். அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டியதில் அதுவும் ஒன்று.

முப்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் டேராடூனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் கலீமுல்லா, காலஞ்சென்ற சுபேதார் மெஹபூப் அலியின் மகன். சுபேதாரின் கடைசி உடுப்பு வரைக்கும் தைத்தது குலாம் ரசூல்தான். 'என் அப்பாவுக்குத் தைத்த கையே எனக்கும் தைக்க வேண்டும். நான் செகண்ட் லெப்டினென்டாகி ரெஜிமென்டில் சேரப் போகிறேன். போகும் வழியில் மதராஸில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதி, அளவுகளையும் சுத்தமாகக் குறித்திருந்தான்.

பாய் கத்திரியைக் கீழே வைத்தார். "இன்னா சாமி, சுபேதார் புள்ள லெப்டினென்டா? நல்லா பாத்து சொல்லு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "பெருமைக்கு எழுதியிருக்கான் பாய். ஜமேதாராத்தான் இருப்பான். ரெண்டுக்கும் ஒரே நட்சத்திரம்தானே? நாடா வச்சுத் தைச்சுடுங்கோ. இல்லாட்டா இல்லாத பதவியைப் போட்டுண்டான்னு அவனுக்குத்தான் ஆபத்து."

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. டேராடூனில் கல்லூரி திறந்து, நம் பையன்களையும் ஆபீஸர்களாக்கப் போகிறார்கள் என்ற சர்க்குலரை இந்தக் கையால்தான் ஃபைலில் கட்டினேன். சீமைக்குப் போய்ப் படித்துவந்த ராஜா வீட்டுப் பிள்ளைகள் சிலர் முன்பே ஆபீஸர்களாக இருந்தார்கள். அதெல்லாம் காகிதத்தில் சரி. ராயப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சுபேதாரின் மகனுக்கு அந்த நட்சத்திரம் என்றால், என் மனசு ஒப்பவில்லை. வெள்ளைக்காரன் எவனும் வந்து என்னைத் தடுக்கவில்லை. நானேதான் அவனைக் கீழே இறக்கினேன்.

பாய் தயங்கினார். "நெசமாவா சாமி?" என்று இன்னொரு முறை கேட்டார். "கோட்டையில இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். அன்றைக்கே நாடா ஏறியது.

மாசி மாதம் கலீமுல்லா வந்தான். நெடுநெடுவென்று, அப்பாவின் அதே தாடை. ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். உடுப்பைக் கையில் எடுத்தவன் அதன் தோளைப் பார்த்தான். விரல் அந்த நாடாவில் போய் நின்றது.

"சாச்சா, அப்பா தோள்ல இருந்த நாடா இது. இதை நான் குறைச்சலா நினைக்கல. ஆனா இதோட போய் நின்னா நாளைக்கு என்னை எந்த வரிசையில நிறுத்துவாங்க? செகண்ட் லெப்டினென்டுன்னு தெளிவா எழுதியிருந்தேனே. யார் வைக்கச் சொன்னது?"

முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். ஒரே வார்த்தை போதும். நான் செய்ததெல்லாம், மடியிலிருந்த பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டதுதான்.

"நான்தான் பேட்டா," என்றார் குலாம் ரசூல். "எய்த்து தெரியாத கெய்வன். பயக்க தோசத்துல வச்சிட்டேன்."

"கோட்டையில வேலை செய்றவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாச்சா."

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. நாடாவை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். ஊசி போன ஓட்டைகள் தெரிந்தன. தண்ணீர் தெளித்துப் பெட்டி போட்டார், அப்படியும் தெரிந்தன. "பரவாயில்ல, நட்சத்திரம் மறைச்சுடும்" என்று அந்தப் பிள்ளைதான் அவருக்குத் தேறுதல் சொன்னான். போகும்போது என்னைப் பார்த்தும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். பதினோராம் நாள் கால் தானாக அங்கே இறங்கியது. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் தேவலை. பாய் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பக்கத்துக் கடையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் எனக்காக வைத்திருந்தார்.

கலீமுல்லாவின் கடிதம். கோட்டு கச்சிதமாக இருக்கிறது, அதே அளவில் இன்னொன்று வேண்டும் என்று எழுதியிருந்தான். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே பதவி. ஒரு எழுத்து விடாமல் படித்தேன். 'செகண்ட் லெப்டினென்ட்' என்ற இடத்தில் நிறுத்தினேன். அதை மறுபடி படித்தேன்.

பாய் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்:

"எய்திக்கீறபடியே படிச்சியா சாமி?"