நேலிதா மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறாள்

கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல் டேபிளை அழித்துவிட்டுத்தான் நேலிதா மாத்தே என்ற தழைத் தேநீரைக் குடிக்க ஆரம்பிப்பாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணி. குடுவைத் தழையில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சும் உலோகக் குழலை அதில் செருகி, கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டி, "போச்சு!" என்பாள். முதல்முறை பார்ப்பவர்கள் பதறி எழுந்துவிடுவார்கள். மொந்தேவிதேயோ நகரில் டாக்டர் சுல்மா நடத்தும் ஏழு நாய்-பூனை ஆஸ்பத்திரிகளில் எந்தப் பிராணி எந்தக் கூண்டில் இருக்கிறது என்ற பட்டியல் அந்த நொடியில் எங்குமே இருக்காது. குடுவை காலியாவதற்குள் திரும்பி வந்துவிடும்.

அந்த ஆஸ்பத்திரிகளுக்காக நாங்கள் மூன்று பேர் எழுதிய மென்பொருளில் நடந்த எதையும் அழித்துத் திருத்துவதில்லை. நாய் வந்தது, ஊசி போட்டார்கள், டாக்டரைக் கடித்தது, வீட்டுக்குப் போனது. நடந்தது ஒவ்வொன்றும் நடந்த வரிசையில் ஏட்டில் ஏறும், ஏறியது இறங்காது. ஆனால் வரவேற்பறைப் பெண் ஏழு வருஷ ஏட்டைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கு யார் உள்ளே, யாருக்கு ஊசி பாக்கி, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். ஏட்டை முதலிலிருந்து ஓட்டி அந்தப் பட்டியல்களை வடித்தெடுப்பவள் நேலிதா. "பட்டியல் என்ன பெரிய பட்டியல்! செவுத்துல விழற நெழல். அழிஞ்சா இன்னொரு தடவை வெளக்கைப் போடு" என்பாள்.

மனிதர்களையும் அப்படி முதலிலிருந்து ஓட்டித்தான் பார்ப்பாள். எங்கள் மூவரில் இளையவனான வாஷிங்டன் எப்படிப்பட்ட ஆள் என்று டாக்டர் சுல்மா ஒருமுறை கேட்டுவிட்டார். "மொத நாள் என் ஃபிளாஸ்க்கை எடுத்துக் குடிச்சான். மூணாம் நாள் மன்னிப்புக் கேட்டான். பதினோராம் நாள் மறுபடி குடிச்சான்..." மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் தீர்ப்பு வந்தது: "இன்னிய தேதிக்குப் பரவால்ல."

என் தம்பி இறந்தபின் வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். நேலிதா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவன் பொறந்ததுலேர்ந்து சொல்லு" என்றாள். மூன்று ஃபிளாஸ்க் வெந்நீர் தீர்ந்தது.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவள் வழக்கம்போல் "போச்சு!" என்றாள். அன்று நிஜமாகவே போயிற்று. வீட்டுக்கு அனுப்பத் தயாரான பிராணிகளின் பட்டியலைக் கட்டும் நிரலுக்குள்ளேயே, உரிமையாளருக்குச் செய்தி அனுப்பும் வரியையும் வாஷிங்டன் எழுதி வைத்திருந்தான். ஏடு முதலிலிருந்து ஓடியது. ஏழு வருஷத்தில் 'சிகிச்சை முடிந்தது' என்று பதிவான ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி கிளம்பியது: உங்கள் செல்லம் தயார், ஆறு மணிக்குள் வந்து அழைத்துச் செல்லவும். நேலிதா நிறுத்துவதற்குள் பத்தொன்பதாயிரம்.

"டேய் வாஷிங்டன்! பட்டியல் போடற கை தபால் போடக் கூடாதுன்னு எத்தனை தடவைடா சொல்றது?"

"ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுமேன்னுதான்க்கா... அனுப்பினதை அழிச்சிடலாமா?"

"நடந்ததை எப்படிடா அழிப்பே? தப்பா அனுப்பிட்டோம்னு இன்னொண்ணு அனுப்பு."

அனுப்பினோம். அதற்குள் பலர் பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் அலுவலகம் தலைமை ஆஸ்பத்திரியின் மாடியில்தான். கீழே கேட்ட சத்தமெல்லாம் மேலே கேட்டது. ஒருத்தி காலிப் பூனைக்கூடையோடு வந்தாள். பூனை அவள் வீட்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்ததாம். டாக்டர் சுல்மா படியேறி வந்தார். "எழுத்துல ஒரே ஒரு புகார் வரட்டும், ஒப்பந்தம் முடிஞ்சுது. மூணு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குக் கெளம்புங்க."

ஐந்து மணி வரை திட்டியவர்கள் வாயால் திட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் பசிலியோ என்ற கிழவர் வந்தார். புகார்த் தாள் கேட்டு வாங்கி, பேனாவைத் திறந்தார். வரவேற்பறைப் பெண் மேலே ஃபோன் செய்தாள். நேலிதா கீழே போய் அவரைக் கையோடு கூட்டிவந்தாள்.

"என் நாய் பிருலோ செத்து நாலு வருஷமாச்சும்மா. நான்தான் குழி வெட்டினேன். தெரியாதா எனக்கு? ஆனா ஒம்போது செய்தி அனுப்பிக் கூப்பிட்டீங்களே! ஒருத்தன் எத்தனை தடவைதான் பொறுத்துக்கிட்டு இருப்பான்?"

நேலிதா மன்னிப்புக் கேட்கவில்லை. "உக்காருங்கய்யா" என்றாள். காலியாக ஒரு புது டேபிளைத் திறந்து, பிருலோவின் நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுத்து, சாவியின் ஒரு தட்டலுக்கு ஒன்றாக ஓட்ட ஆரம்பித்தாள்.

"மொத வருகை. எடை நாலு கிலோ."

"கோட்டுப் பையில வச்சுக் கொண்டாந்தேன்."

"டாக்டர் சுல்மாவைக் கடித்தது."

"நல்லாக் கடிச்சான்!"

வாஷிங்டன் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தான், முடியவில்லை.

"சாக்ஸ் விழுங்கியது. எடுத்தாச்சு."

"என் சாக்ஸ்."

"அடுத்த வாரம் மறுபடி சாக்ஸ்."

"அதோட ஜோடிம்மா அது."

கிழவர் புகார்த் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எடைகளைக் குறிக்க ஆரம்பித்திருந்தார். நாலு, ஆறரை, ஒன்பது. டேபிளின் ஒற்றை வரி ஒவ்வொரு தட்டலுக்கும் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் 'பிருலோ: தயார்' என்று நின்றது. ஏட்டில் இன்னும் ஒரே ஒரு நிகழ்வு பாக்கி இருந்தது, நாலு வருஷத்துக்கு முன் கிழவர் குழி வெட்டிய நாளில் பதிவானது.

"அடுத்தது என்னம்மா?" என்று பேனாவோடு நிமிர்ந்தார்.

நேலிதா சாவிமேலிருந்து விரலை எடுத்தாள். அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.