ஓரம் பளிச்சிடும் கத்தி

எங்கள் ஊர் விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையில் பைகளைப் பார்க்கும் எட்டுப் பேரில் வெர்னா ஹால்வர்சனுக்குத்தான் வாய் நீளம். நான்கு வருடமாகத் தேர்வில் அவள்தான் முதல். அதைச் சொல்லிக் காட்டாமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

ஆர்லன் நுட்சனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவன் நாளுக்குப் பத்துப் பையைத் திறப்பான். மகளுக்கென்று யாரோ சுட்டு எடுத்துப்போகும் லெஃப்சே ரொட்டிப் பொட்டலத்தைக்கூட விடமாட்டான். "உனக்கெல்லாம் கண்ணு எதுக்கு, மூக்குக்கண்ணாடி மாட்டவா?" என்று பயணிகள் முன்னாலேயே கேட்பாள். அவன் வாயே திறக்க மாட்டான். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். வரிசைத் தலைவர் பதவி காலியானதும், அவனுக்குக் கீழே நிற்பதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

பயிற்சியும் தேர்வும் முழுக்கக் கணினியில்தான். பையின் படத்துக்குள் அது ஒரு பொய்க் கத்தியைச் செருகிக் காட்டும்; கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால் மதிப்பெண். செருகிய கத்தியின் ஓரம் மட்டும் மயிரிழை பளிச்சென்று இருக்கும். வெர்னாவின் கண் அதைப் பிடித்துக்கொண்டது, அவளுக்கே தெரியாமல்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதவிக்கு ஆள் பார்க்க வந்த அதிகாரி, பயணி வேடத்தில் வரிசையில் நின்றார். பையில் டப்பாக்களுக்கு அடியில் மீன் அரியும் நிஜக் கத்தி. வெர்னா ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகவிட்டாள். அதிகாரி அதே பையை ஆர்லனின் திரைக்கும் அனுப்பினார். அவன் நிறுத்தித் திறந்தான்.

வெர்னா ஒப்புக்கொள்ளவில்லை. "கத்தின்னா ஓரம் பளிச்சுனு தெரியணும். இதுல தெரியல. படமே சரியில்ல" என்று அதிகாரியிடமே சண்டைக்கு நின்றாள்.

நான்கு வருடத்தில் முதன்முறையாக ஆர்லன் அவளுக்குப் பதில் சொன்னான்.

"நிஜக் கத்திய யாரும் பையில ஒட்டி வைக்கிறதில்ல வெர்னா. இத்தன வருஷமும் கம்ப்யூட்டர் ஒட்டுன ஓரத்தத்தான் நீ பாத்திருக்க. கத்தியப் பாக்கவே இல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவளைத் தவிர அங்கே எல்லோருக்கும் புரிந்தது. பதவி ஆர்லனுக்குப் போனது. வெர்னா வேலையை விடவில்லை. அவளுக்கு இரண்டு வாரம் மறுபயிற்சி கொடுத்தார்கள், அதே கணினியில். முடிந்ததும் தாளைக் கொண்டுவந்து ஆர்லன் மேசையில் வீசினாள். நூற்றுக்கு நூறு.

அவன் அதை நிதானமாகப் படித்தான். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அவளைத் திரையிலிருந்து எழுப்பி, பயணிகள் பை வைக்கும் தட்டுகளை அடுக்க அனுப்பினான்.