பெரிய வீட்டு வாசல்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஊர்த் தெருக்களைப் படம் எடுப்பது எனக்கு ஆறேழு வருடப் பழக்கம். செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் வழியில், அணுபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். நாவலூரில் வாரம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு ஓட்டு வீட்டைப் பார்த்தாலே மனசு இளகிவிடும். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், மரச்சட்டம் போட்ட சன்னல், பாதி அழிந்த தேர்தல் சின்னம், எதையும் நான் விட்டதில்லை. இணையத்தில் போட்டால் அமெரிக்காவில் இருப்பவர்கள்கூடப் பெருமூச்சு விடுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

நான் எடுத்ததெல்லாம் ஏரிக்கு மேற்கே இருக்கும் ஊர்த் தெருக்கள். எங்கள் வீடு கிழக்கே, காலனியில். அம்மா ஊர்க்காரர்களின் வயலில் நாற்று நட்டவள். அறுப்பு முடிந்தால் பெரிய வீட்டில் நெல் காயவைக்கப் போவாள், பின்வாசல் வழியாக. அந்த வீட்டின் முன்பக்கத் தெருவில் நடந்ததே இல்லை என்பாள்.

நான் முன்வாசல் வழியாகவே போனேன். கழுத்தில் கேமரா தொங்கினால் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அடுக்குமாடி கட்டுவதற்குப் பிள்ளைகள் இடத்தைக் கொடுத்துவிட்ட வருத்தத்தில் இருந்தார் அந்த வீட்டுப் பெரியவர். உள்ளே கூப்பிட்டுத் தேக்குத் தூண்களைத் தட்டிக் காட்டினார், காபி கொடுக்கச் சொன்னார். யார் வீட்டுப் பையன் நீ என்று கேட்டார். நாவலூரில் வேலை என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

எங்களுடையது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, மழைக்கு ஒழுகும் தளம். மறைமலைநகரில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்ற அப்பா, லீவு நாளில் தானே சிமெண்ட் குழைத்து வாசற்படி போட்டார். ஈரம் காய்வதற்குள் மூன்று வயதுப் பிள்ளையான நான் அதில் மிதித்துவிட்டேனாம். பூசி மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. காலடிக்குப் பக்கத்தில் ஆணியால் ஒரு சிலுவை கீறி அப்படியே விட்டுவிட்டார். அவர் போன பிறகும் அம்மா அந்தப் படியைத் தினமும் தேய்த்துக் கழுவினாள். அந்த வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாம் என்று சொன்னது நான்தான்.

பெரிய வீட்டை இடிக்க ஜேசிபி வந்தபோது, எங்கள் மேஸ்திரி அதே வண்டியை எங்களுக்கும் பேசிவிட்டார். அங்கே முடிந்ததும் இங்கே வரும். நான் மூன்று நாள் லீவு போட்டேன். சொந்த வீட்டு வேலைக்குத்தான் போட்டிருக்கிறேன் என்று காலனியில் எல்லோரும் நினைத்தார்கள். மூன்று நாளும் பெரிய வீட்டுக்கு எதிரேதான் நின்றேன். ஓடு சரிந்தது, தூண் சாய்ந்தது, எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்றாம் நாள் வண்டி சீக்கிரமே கிளம்பிப் போனதைக் கவனிக்கவில்லை. கழற்றிச் சாத்தி வைத்திருந்த முன்கதவின் பித்தளைக் குமிழ்களில் வெயில் விழக் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மூன்று தடவை போன் செய்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு குவியல் கிடந்தது. வேப்ப மரத்தடியில் பைபிளையும் அப்பாவின் படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். உண்மையைச் சொன்னால், அன்றைக்குக்கூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

புது வீட்டில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போன மாலை, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். பழைய வீட்டுப் படத்தை மாட்ட என்றாள். நான் எடுத்து வைத்திருப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றுகூட எடுக்கவில்லை என்றேன்.

"பழைய வூடா பாத்துப் பாத்து எடுக்குறேன்னு சொல்லிக்கினு இருந்தியேடா. நம்மளுது பழசு இல்லியா?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் வீட்டை எடுத்தால் என் வீடு தானாக வந்து படத்தில் விழுந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

சொந்தக்காரர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள் கிடைத்தன. வீட்டு வாசலில்தான் எல்லோரும் நிற்கிறோம். ஆனால் சுவர் தெரியாமல் பின்னால் சிவப்புத் திரை, படி தெரியாமல் கீழே கம்பளம். விரிக்கச் சொன்னவனும் நான்தான்.

கடைசியில் போனில் இருக்கும் வரைபடத்தில்தான் கிடைத்தது. வானத்திலிருந்து எடுத்த படம், இன்னும் மாற்றாமல் இருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம், அதன் மூலையில் நீலமாக ஒரு துண்டு. பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்து வந்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நீலத்தின் மேல் விரலை வைத்து, தளம் ஒழுகுகிறதென்று அப்பா கடைசியாகக் கட்டிய தார்ப்பாய் என்றாள். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள், பக்கவாட்டில் திருப்பினாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"வாசல் எங்கடா கீது?"

மேலேயிருந்து எடுத்தால் வாசல் தெரியாது என்றேன். சரி என்று சொல்லி அப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பெரிய வீட்டு வாசலை மட்டும் நாற்பது படம் எடுத்து வைத்திருக்கிறேன்.