கண்டக்டர் விட்டுக்கொடுத்த இடம்

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் அதை யாரும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று எவனோ "புதுசு" என்றான், அதுவே ஒட்டிக்கொண்டது. புதுசு என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள், தலையில் அங்கங்கே வெள்ளையும் இருக்கிறது. இதற்கு முன் மருந்துக் கடையில் வருஷக்கணக்காக நின்றாள். நின்று சம்பாதித்தது போதாதென்று இப்போது முட்டி போட்டுச் சம்பாதிக்கிறாள் என்று கிண்டல் செய்வான், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அவள் கணவன். கிண்டல் செய்த வாயோடு அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அவன்தான்.

முட்டி வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது "மரியாதை".

அது நிலையத்து வழக்கம். சில சமயம் போன இடத்தில் ஆள் ஏற்கெனவே இறந்திருப்பார். அதைச் சொல்லும் அதிகாரம் டாக்டருக்கு மட்டும்தான், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இல்லை. சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கூடியிருப்பவர்கள் சும்மா விடுவார்களா? அதனால் உயிர் இருப்பதுபோலவே மார்பை அமுக்கி, ஆக்ஸிஜன் மாட்டி, சைரன் போட்டு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். டிரைவர் அண்ணன் காதோரம் வந்து "மரியாதை பண்ணிடும்மா" என்றால் அதுதான் அர்த்தம். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டில் வாய்தவறி உண்மையைச் சொன்னதற்கு அவர் முகத்தைப் பெயர்த்து அனுப்பினார்கள். முன்பற்கள் இரண்டும் கட்டினவை.

பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே அமுக்கினது ரப்பர் பொம்மையை. அதற்கு மனைவி கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் போன வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் எத்தனை நாளாக ஓடவில்லையோ, அதன் கதவில் யாரோ சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலையில் தலை சுற்றுகிறது என்று படுத்தவர், சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. புதுசுக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டிருந்தது, தாடை இறுகியிருந்தது, முதுகுப் பக்கம் நீலம் பாரித்திருந்தது. கண்டக்டரின் மனைவி, புதுசின் தோளுக்குக்கூட எட்டாத சின்ன உருவம், நாடி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். வாசலை அடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஆண்கள் நின்றார்கள்.

"மரியாதை" என்றார் டிரைவர் அண்ணன், உதடு அசையாமல்.

புதுசு கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பட்டன் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அமுக்கினாள். நாலைந்து அமுக்கிலேயே உள்ளே ஏதோ நொறுங்கியது. அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படி இறக்கி, வண்டியில் ஏற்றிய பிறகும் அமுக்கல் நிற்கவில்லை. அந்த அம்மா கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாரே, எப்படி நிறுத்துவது? புதுசுக்குக் கை ஓய்ந்தது. மனசு படியிறங்கும்போதே ஓய்ந்துபோயிருந்தது. யாருக்காக இந்தக் கூத்து என்று அவளுக்கே சலித்துவிட்டது.

அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது. பக்கத்துத் தெருவில் கண்ணாடி வெட்டும் கடை. வேலையாள் ஒருவருக்குக் கை கிழிந்து ரத்தம் நிற்கவில்லை, மயங்கிக்கொண்டிருக்கிறார். மற்ற வண்டிகள் எல்லாம் தொலைவில். உங்கள் ஆளின் நிலைமை என்ன என்று கேட்டார்கள். உயிருள்ள நோயாளி உள்ளே இருந்தால் வேறு அழைப்பை எடுக்கக் கூடாது என்பது விதி.

டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இருக்கு" என்று மைக்கில் சொன்னார். அதைக் கேட்டதும் புதுசின் கை தானாக நின்றது.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க."

"யோசிச்சுப் பேசும்மா. உன் வேலை போயிடும்."

அவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஐயா உயிரோட இல்ல. நாங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

திட்டுவார், அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அந்த அம்மா கணவரின் கால்களைப் பார்த்தபடியே இருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு முன்பக்கம் பார்த்து டிரைவரிடம் பேசினார்.

"போப்பா, அந்த ஆளை ஏத்து. உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்கன்னு ஊர்ச்சனத்தையே விரட்டின மனுஷன். இன்னிக்கு அவரு தள்ளிக்கட்டும்."

டிரைவர் அண்ணன் மைக்கை எடுத்து, வருகிறோம் என்றார்.

கண்டக்டரைப் பக்கவாட்டு இருக்கையில் சாய்த்துப் பட்டையால் கட்டினார்கள். கண்ணாடிக் கடை வேலையாள் ஸ்ட்ரெச்சரில் வந்து படுத்தான். இருபது வயதுகூட இருக்காது. புதுசு அவன் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, கணவர் சரிந்துவிடாமல் தோளால் முட்டுக்கொடுத்தபடி வந்தார். ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது பையன் தண்ணீர் கேட்டான். பிழைத்துக்கொள்வான் என்றார்கள். புதுசுக்குச் சந்தோஷப்படவேண்டும் என்று இருந்தது, ஆனால் உடம்பு அதற்கும் ஒத்துழைக்கவில்லை.

கண்டக்டரை வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள், டாக்டர் வந்து சொல்வதற்காக. பக்கத்தில் நின்ற அந்த அம்மா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அவரை நகர்த்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா, செத்துட்டாருன்னு உனக்கு அங்கேயே தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் அந்த அமுக்கு அமுக்கினே? எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

உங்கள் ஆறுதலுக்காக என்று சொல்லலாம். நிலையத்தில் எல்லாரும் சொல்வது அதுதான்.

"பயந்துட்டேன்மா."

"யாரைப் பாத்து?"

"உங்களைப் பாத்து."

அந்த அம்மா அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். அழுகைக்கு நடுவே நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப்போனார்.

"என்னைப் பாத்தா?"

புதுசு வலிக்கிற முட்டியை ஊன்றி உட்கார்ந்து, கண்டக்டரின் சட்டைப் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தாள். பட்டன் போன இடத்தில் சட்டை திறந்துகொண்டு நின்றது. அந்த அம்மா தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார்.